குதிரைக்குப் பெயர் இருந்தது

சிலை திறந்த மறுநாள் காலையில் தும்பைக்கோட்டையில் வெயில் ஏறியபோது, பால் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போனவர்களும், முதல் பஸ்ஸுக்கு நின்றவர்களும், வாயில் வேப்பங்குச்சியோடு வயலைப் பார்க்கப் போனவர்களுமாக எங்கள் ஊர் ஆண்களில் பாதிப்பேர் தரையில் குதிரைமேல் போனார்கள். மேலே பார்த்தால் அதே லுங்கி, அதே தொப்பை, அதே ரப்பர் செருப்பு. கீழே பார்த்தால் தலைப்பாகை கட்டி, கையில் ஈட்டி பிடித்து, முன்கால் தூக்கிய குதிரைமேல் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் ஒருவனின் நிழல். நாற்சந்திப் பீடத்தில் நின்ற வெண்கலச் சிலைக்கு மட்டும் நிழலே இல்லை. தன் நிழலை அது ஊருக்குப் பங்கு வைத்துவிட்டது என்று எங்களுக்கு உடனே புரிந்துவிட்டதால் யாரும் பெரிதாக வாய் பிளக்கவில்லை. எங்கள் ஊரில் மழை பெய்தால்தான் ஆச்சரியப்படுவோம்.

அந்தச் சிலைக்காரன் அரண்மனை வம்சத்தின் முதல் ஆள். எந்த ஊர், எந்தப் பாஷை என்று தெரியாது. வடக்கேயிருந்து குதிரையில் வந்தான், எங்கள் ஊருணியில் குதிரைக்குத் தண்ணீர் காட்டினான், தண்ணீர் ருசித்துப்போய் ஊரையே வைத்துக்கொண்டான் என்று சொல்வார்கள். அவனும் அவன் பிள்ளைகளும் பேரன்களுமாக ஏழு தலைமுறை எங்களை ஆண்டார்கள். கடைசிக் கொழுந்து சீவலத்துரை. பாதி இடிந்த அரண்மனையும், சர்க்கார் எடுத்தது போக மிஞ்சிய புளியந்தோப்பும் அவருக்குத்தான். வரும் தேர்தலில் நிற்கும் ஆசையில் அவர்தான் சிலை வைத்தார். பீடத்துப் பளிங்குக் கல்லில் மூதாதையின் பெயரையும், அதற்குக் கீழே அவன் குதிரையின் பெயரையும் பொன்னெழுத்தில் வெட்டியிருந்தார். கருமுகிலன். அந்தப் பெயர் எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் ஊர் மினிபஸ் கருமுகிலன், கபடிக் குழு கருமுகிலன், பள்ளிக்கூடம் இருக்கும் தெருவும் கருமுகிலன் வீதி.

முதல் சில நாட்கள் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது. கோழிகள் நிழலைக் கண்டு கூரைமேல் ஏறின. மினிபஸ் கண்டக்டர் விளையாட்டாகக் குதிரைக்கும் டிக்கெட் கேட்டு அடி வாங்கினான். களையெடுக்கும் பெண்கள் வரப்பில் நிற்கும் ஆளைப் பார்த்து, "அண்ணாச்சி, குதிரைய இந்தப் பக்கம் கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்லி அதன் நிழலில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். இளவெயில் காட்டக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த தாய்மார்கள், சுவரில் குழந்தையின் நிழலாக ஈட்டியோடு ஒருவன் எழுவதைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள். எதற்குத்தான் நாங்கள் பழகவில்லை.

அப்பனுக்கு இருந்தால் மகனுக்கும் இருந்தது. மகளுக்கு இல்லை, மகள் வயிற்றுப் பிள்ளைக்கும் இல்லை. மேலத்தெருவில் வட்டிக்கு விடுகிறவருக்கு இருந்தது, கீழத்தெருவில் மூட்டை தூக்குகிறவருக்கு இருந்தது, கோயில் பூசாரிக்கு இருந்தது, காலனியில் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் அந்தோணிக்கும் இருந்தது. மேலத்தெருக்காரர்களுக்கு இதுதான் பொறுக்கவில்லை. காலனி ஆட்களின் நிழலில் இருப்பது குதிரை இல்லை, கழுதை என்று சொல்லி, டேப் கொண்டுவந்து காதை அளந்து பார்த்தார்கள். காது ஒரே நீளம்தான் இருந்தது.

சீவலத்துரைக்கே குதிரை வரவில்லை. அவருடைய நிழலில் ஒரு குட்டையான மனிதர் மட்டும் இருந்தார். நடுவில் யாராவது தத்து வந்த பிள்ளையா, இல்லை உள்ளே வேறு கதையா, நாங்கள் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் கருப்புக் கண்ணாடி ஏற்றிய காரைவிட்டு வெயிலில் இறங்குவதை நிறுத்திவிட்டார்.

ஒருவனுக்காவது கோபம் வருகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. பெருமை வந்தது. மீசை வைக்காதவனெல்லாம் மீசை வைத்தான். டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டு, சாயங்கால வெயிலில் தன் குதிரை தெருவின் அந்தக் கோடிவரை நீள்வதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார்கள். இந்தக் குதிரை உன் வீட்டுக்குள் எப்படி வந்தது, யார் கதவைத் திறந்துவிட்டார்கள், திறந்துதான் விட்டார்களா, உடைத்துக்கொண்டு வந்ததா என்று ஒருவனும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் கல்யாணமான பெண் முதல் வெள்ளிக்கிழமை அரண்மனை வாசலில் விளக்குப் போட வேண்டும். இப்போது அது ஒரு விசேஷம். சீவலத்துரை வீட்டிலிருந்து சேலையும் தேங்காய் பழமும் தருவார்கள், போட்டோ எடுப்பார்கள், ஆல்பத்தில் ஒட்டிக்கொள்வோம். நானும் என் பக்கத்து வீட்டு ஆவுடைத்தங்கமும் ஒரே வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டோம். எனக்கு நீலச் சேலை, அவளுக்குப் பச்சை. அந்தக் காலத்தில் வாசலோடு நிற்கவில்லை. பெண்ணை உள்ளே கூப்பிட்டார்கள், விளக்கு விடியும்வரை எரிந்தது. போகமாட்டேன் என்று ஓடியவர்களைக் குதிரையில் விரட்டிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அதைத்தான் நாங்கள் அரண்மனைச் சீர் என்றும் மரியாதை என்றும் சொல்லிக்கொண்டு, மஞ்சளும் பூவும் வைத்துக் கட்டிக் காத்துவந்திருக்கிறோம். உலகத்தில் வேறு எந்த ஊராவது தன் அவமானத்துக்கு இப்படி எண்ணெய் ஊற்றித் திரி போட்டிருக்குமா என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஆவுடைத்தங்கம் தோசைமாவு அரைத்து விற்கிறவள். அவள் புருஷன் கோவில்பிச்சை புளிக் கமிஷன் கடையில் மூட்டை தூக்கியே கூனிப்போனவர். நிமிர்ந்து வானத்தைப் பார்க்க வேண்டுமானால் கட்டிலில் படுத்துத்தான் பார்ப்பார். அவர் நிழலிலும் குதிரை வந்தது. மகள் சந்தனமாரிக்கும், ஆவுடைத்தங்கத்தின் சொந்தத் தம்பி மாசானத்தின் மகன் தவசிக்கும் கல்யாணம் பேசி, பந்தக்கால் நட்டாயிற்று. அத்தை மகள், மாமன் மகன். இதைவிட உரிமையான முறை எங்கள் பக்கத்தில் கிடையாது. சின்னதிலிருந்தே அவனுக்கு அவள், அவளுக்கு அவன்.

அந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ரெஜினா என்ற பெண் பெட்டியோடு வந்து இறங்கினாள். ஆண்களை வரிசையில் நிற்கவைத்து, பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தின் உட்பக்கம் தடவி எடுத்தாள். பிரசாதத்துக்கு நிற்பதுபோல வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வந்து, குதிரை நிழல் உள்ள அத்தனை பேரும் ஒரே அப்பன் வழி என்று சொன்னாள்.

"மங்கோலியான்னு ஒரு தேசம். குதிரையில போய் பாதி உலகத்தைப் பிடிச்சவங்க. அவங்க ஆண்ட இடங்கள்ல, அப்பன்கிட்டேருந்து மகனுக்கு மட்டுமே போற ஒரு அடையாளம் இன்னைக்கும் ஏராளமான ஆம்பளைங்க உடம்புல இருக்கு. ஒரே ராஜாவோட வழின்னு சிலர் சொல்றாங்க, அது இன்னும் முடிவாகல. ஆண்ட வீட்டோட வழி ஊருக்குள்ள எப்படிப் பரவுதுன்னு பாக்கத்தான் இங்கயும் வந்தோம்."

"அப்ப நாங்கள்லாம் ராஜ பரம்பரை. எழுதியே குடுத்துருங்க" என்றான் மாசானம்.

மாவு வாளியோடு நின்ற ஆவுடைத்தங்கம் கேட்டாள். "அந்தத் தேசத்துல, அவனுவளுக்குப் பிள்ள பெத்த பொம்பளையளுக்கு என்ன பேரும்மா?"

ரெஜினா அவள் பக்கம் திரும்பினாள். "அநேகம் பேருக்குத் தெரியாதுக்கா. யாரும் எழுதி வைக்கல. இந்த அடையாளத்துலயும் அவங்க இருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை டப்பென்று மூடினாள். அவளுக்கும் கோபம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அன்று சாயங்காலமே சங்கம் தொடங்கிவிட்டார்கள். பரிமேலழகர் என்று அழகாக ஏதாவது பெயர் வைத்திருக்கலாம்; குதிரைப் பங்காளிகள் சங்கம் என்று வைத்தார்கள். மாசானம் தலைவன். சீவலத்துரைக்குத்தான் குதிரை இல்லையே, அப்படியானால் புளியந்தோப்பு உண்மையான வாரிசுகளான எங்களுக்குத்தானே என்று வக்கீலைப் பார்த்தார்கள். பங்காளி என்று கோர்ட்டில் சொன்னால் ஊரிலும் பங்காளியாக நடந்துகொள்ள வேண்டும் என்று வக்கீல் சொன்னார். சாவுத் தீட்டை எல்லோரும் சேர்ந்து காக்க வேண்டும், குதிரை வீடு குதிரை வீட்டில் பெண் கொடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். பங்காளிக்குள் சம்பந்தம் எங்கே உண்டு? ஆனால் அந்தப் பங்காளிகளின் கூட்டத்தில் அந்தோணிக்கும் காலனிக்காரர்களுக்கும் மட்டும் தனியாகப் பேப்பர் கப்பில் டீ வந்தது.

முதலில் நின்றது சந்தனமாரியின் கல்யாணம். பந்தக்காலை மாசானமே வந்து பிடுங்கினான்.

"ஏல, எம் மகளக் கேட்டு வாசப்படி ஏறுனது நீதான்" என்றாள் ஆவுடைத்தங்கம்.

"அப்ப நிழல் வரலியேக்கா. இப்ப அத்தான் எனக்குப் பங்காளி. பங்காளி மவ எனக்கும் மவ. அண்ணன் தங்கச்சிக்குத் தாலி கட்டச் சொல்லுதியா?"

"ஒங்கத்தான் ஒனக்குப் பங்காளின்னா, எனக்கு என்ன வேணும்?"

மாசானம் பந்தக்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான்.

"சொல்லுல. நம்ம அப்பனும் அதே வழின்னா, இத்தன வருசமா நான் யார்கூடக் குடும்பம் நடத்துனேன்? அண்ணங்கூடவா?"

"பழசையெல்லாம் சங்கம் கண்டுக்காதுக்கா. இனிமேத்தான்."

கண்டுகொள்ளாதாம். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். ஆவுடைத்தங்கம் அவன் கையிலிருந்த பந்தக்காலைப் பிடுங்கி, அதே குழியில் மறுபடி நட்டு, காலால் மண்ணை மிதித்தாள்.

தவசி மறுநாள் பின்வாசல் வழியாக வந்தான். "அத்த, நாங்க திருப்பூர் போயிருதோம். அங்க யாரு நிழலப் பாக்கப் போறா."

"ஓடக் கூடாது" என்றாள் ஆவுடைத்தங்கம். "இந்த ஊர்ல ஓடுனவளுவ போதும். எம் மவ எங்க வாசல்லதான் தாலி வாங்கணும்."

அதற்கு ஒரு வழிதான் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு உறவு வேண்டாம் என்று முடிவானால் ஊருணிக்குப் போய், இன்றோடு நீ எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி மூன்று முழுக்குப் போடுவார்கள். தலைமுழுகிவிட்டால் அதற்குப் பிறகு நல்லது கெட்டது எதுவும் கிடையாது, செத்தாலும் தீட்டு கிடையாது. பெற்ற அப்பனையே தலைமுழுகியவர்கள் உண்டு. அந்தக் குதிரைக்காரனைத் தலைமுழுகுங்கள் என்று ஆவுடைத்தங்கம் புருஷனிடம் கேட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கோவில்பிச்சை மாட்டேன் என்றார். "ஏளா, நான் நிமிந்து நின்னு நீ என்னைக்காவது பாத்திருக்கியா? கீழ பாரு. எப்பிடி இருக்கேன்."

"நல்லாப் பாருங்க. மேல ஒக்காந்திருக்கது அவன். அந்த நிழல்ல நீங்க குதிரை."

அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் சிலைக்குக் கீழே சங்கக் கூட்டம். கூட்டம் முழுக்கக் குதிரைகள். வெயில் சாயச் சாய ஈட்டிகள் நீண்டுகொண்டே போயின. ஆவுடைத்தங்கம் மாவுக்கையைக்கூடக் கழுவாமல் நடுவில் போய் நின்றாள். நாங்கள் பெண்கள், ஒருத்தி கூப்பிட்டு ஒருத்தி வரவில்லை, எல்லோருமே அவள் பின்னால் போய் நின்றோம்.

"பங்காளியள்லாம் இருக்கிய. நல்லது. குதிரையில வந்தவன் பேரு கல்லுல இருக்கு. விளக்குப் போடன்னு அவனுவ இழுத்துட்டுப் போனானுவல்ல, ஒங்க ஒங்க வீட்டுப் பிள்ளைய, அவ பேரு என்ன? ஒவ்வொருத்தராச் சொல்லுங்க."

வட்டிக்காரர் தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்தார். பூசாரி வாயைத் திறந்து மூடினார். ஏழு தலைமுறைக்கும் கோத்திரம் சொல்லத் தெரிந்த மனிதர்.

"அது என்னைக்கோ நடந்ததுக்கா. யாருக்குத் தெரியும்" என்றான் மாசானம்.

"சரி, தெரியாது. அந்தக் குதிரைக்கு என்னல பேரு?"

கருமுகிலன் என்று அத்தனை ஆண்களும் ஒரே குரலில் சொன்னார்கள். சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவர்களுக்கே கேட்டது. நாற்சந்தியில் மினிபஸ்கூட ஹாரன் அடிக்காமல் நின்றது.

ஆவுடைத்தங்கம் தரையில் துப்பினாள். அது அவள் தம்பியின் குதிரைமேல் விழுந்தது. நேராக வீட்டுக்குப் போய் மாவு அரைக்க உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த நாள் உச்சிவெயிலில், நிழல்களெல்லாம் காலுக்கடியில் சுருங்கிக் கிடந்த நேரத்தில், கோவில்பிச்சை தனியாக ஊருணிக்கு நடந்தார். துணி துவைத்துக்கொண்டிருந்த நாங்கள் படியைவிட்டு ஒதுங்கினோம். இன்றோடு நீ எனக்கு ஒன்றுமில்லை என்று மூன்று முறையும் சத்தமாகச் சொல்லி முழுகினார். மூன்றாவது முழுக்கில் ரொம்ப நேரம் உள்ளேயே இருந்தார். எழுந்து வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, வெயில் சாயும்வரை எங்கேயும் பார்க்காமல் காத்திருந்தார். குதிரை வரவில்லை. அவருடைய கூன் முதுகும் வரவில்லை. ஒரு பெண்ணின் நிழல் வந்தது. அவிழ்ந்த முடியோடு, பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, தோளுக்குமேல் திரும்பிப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருந்தாள். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நிழலின் கால்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன.

ஆவுடைத்தங்கத்தை யாரோ கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் அவளைப் பார்த்து, "ஏளா, சின்னப் பிள்ளையால்ல இருக்கா" என்றார். "நம்ம சந்தனத்தைவிடச் சின்னப் பிள்ளை." சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை நாங்கள் யாரும் தேற்றவில்லை. அழட்டும் என்றுதான் இருந்தது.

அப்புறம் தவசி முழுகினான். "அப்ப என்னயும் சேத்துத்தான் முழுகுதியால?" என்று கரையில் நின்று மாசானம் கத்தினான். தவசி தண்ணீருக்குள்ளிருந்து, "நீங்க அந்தக் குதிரைக்காரன் பக்கம் நிக்கிய, ஆமா" என்றான். அந்தோணி வந்தான், அவன் பின்னால் காலனியில் இன்னும் சிலர், பூசாரியின் மகன், பஸ் கண்டக்டர். ஒவ்வொருவர் பின்னாலும் ஒருத்தி ஓடினாள். ஒருத்தி கையில் விளக்கு இருந்தது. ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. இத்தனை பேர் இருந்தார்களா என்று நாங்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றோம். நிழல் வந்த நாளில் வராத ஆச்சரியம் அன்றைக்குத்தான் வந்தது.

தவசிக்கும் சந்தனமாரிக்கும் இடையில் இனி எந்தக் குதிரையும் இல்லை. சாயங்கால வெயில் சுண்ணாம்பு அடித்த சுவரில் விழும் நேரமாகப் பார்த்து, ஆவுடைத்தங்கத்தின் வாசலில் கல்யாணம் வைத்தோம். தாய்மாமன் வரவில்லை, மாலையை ஆவுடைத்தங்கமே எடுத்துப் போட்டாள். மாப்பிள்ளைக்கும் அவன் மாமனாருக்கும் பின்னால், அந்தோணிக்கும் மற்றவர்களுக்கும் பின்னால், சுவர் முழுக்கப் பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். தவசி தாலியை எடுத்தான். நாங்கள் குலவை போட்டோம். எங்கள் தொண்டையில் இருந்த கோபம் அத்தனையும் சேர்ந்து போட்ட குலவை அது. அரண்மனையில் மிச்சமிருந்த புறாக்களும் பறந்துவிட்டன என்று பிறகு சொன்னார்கள். குலவை ஓய்ந்தபோது சுவரில் ஓட்டம் நின்றிருந்தது. மூச்சு வாங்க ஒவ்வொருத்தியாக, முடியை அள்ளி முடிந்துகொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். பந்தியில் முதல் இலைகளைச் சுவர் ஓரமாகப் போட்டோம். பெயர் சொல்லிக் கூப்பிட முடியவில்லை, "சாப்பிடுங்க தாயி" என்று மட்டும் சொன்னோம்.

முதல் வெள்ளிக்கிழமை சந்தனமாரி விளக்குப் போடப் போகவில்லை. சீவலத்துரை வீட்டிலிருந்து சேலையைக் கொடுத்தனுப்பினார்கள். நல்ல சேலைதான். ஆவுடைத்தங்கம் அதைக் கிழித்து கிரைண்டர் துடைக்க வைத்துக்கொண்டாள்.

எல்லோரும் தலைமுழுகவில்லை. பாதிக்குமேல் இன்னும் குதிரையில்தான் போகிறார்கள்; மாசானம் போகிறான், வட்டிக்காரர் போகிறார், புளியந்தோப்பு வழக்கு நடக்கிறது. சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் அவர்கள் வரிசையாக உட்காரும்போது குதிரைகள் தெருவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை படுத்துக் கிடக்கும். நாங்கள் தண்ணீர் எடுக்கப் போவது அந்த வழிதான். தலைப்பாகையில், ஈட்டியில், கருமுகிலனின் வயிற்றில் கால் வைத்து, இடுப்புக் குடத்தோடு அழுத்தி மிதித்துக்கொண்டு போகிறோம். பள்ளிக்கூடத்துப் பின்பக்கமாகச் சுற்றிப் போகவும் வழி இருக்கிறது. நாங்கள் சுற்றிப் போவதில்லை.